1968 சார்ஜர்: சாவியை விட்டதும் எஞ்சின் நின்றுவிடுகிறது, உதவி தேவை

மிச்சிகன்வாசி:
வணக்கம் நண்பர்களே. வண்டி 1968 டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி. 440 மேக்னம் எஞ்சின், டார்க்ஃபிளைட் ஆட்டோமேட்டிக். டெட்ராய்ட் பக்கம் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். பிளாக்கில் குத்தியிருக்கும் எண் வண்டி எண்ணோடு ஒத்துப்போகிறது. கார்ட்டர் ஏவிஎஸ் கார்புரேட்டர், பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர், ஒயரிங் எல்லாம் கம்பெனியில் போட்டது அப்படியே இருக்கிறது.

சாவியைத் திருகினால் எஞ்சின் உடனே பிடித்துக்கொள்கிறது. கையை எடுத்ததும், சாவி ரன் நிலைக்கு வந்த அந்த நொடியே, பொட்டென்று நின்றுவிடுகிறது. திணறல் கிணறல் எதுவும் இல்லை. பேட்டரி புதுசு.

பக்கத்து மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "பழைய ஒயரை எல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிடலாம்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

கோவை ராக்கெட்:
பெட்ரோல் சரியாக வருகிறதா பாருங்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் இந்தக் கால வண்டிகள் இப்படித்தான் படுத்தும்.

மிச்சிகன்வாசி:
காலையில் குளிர்ந்த எஞ்சினிலும் இதே கதைதான். ஏர் கிளீனரைக் கழற்றி, ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சுவது கண்ணுக்குத் தெரிகிறது.

பழையவண்டிக்காரன்:
அப்படியானால் கார்புரேட்டரைத் தொடவே தொடாதீர்கள். ஸ்டார்ட் நிலையில் ஓடுகிறது, ரன் நிலையில் நிற்கிறது என்றால் கோளாறு கரண்டில் இருக்கிறது.

இந்த வண்டியில் பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயிலுக்கு இரண்டு வழியில் கரண்ட் போகிறது. ஓடும்போது நீல ஒயர் வழியாக வந்து, பேலஸ்ட் ரெசிஸ்டரைத் தாண்டித்தான் காயிலுக்குப் போகும். வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால்தான் பாயிண்டும் காயிலும் கருகாமல் இருக்கும். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது பேட்டரியே இறங்கிப்போய் இருக்குமே, அந்த நேரத்தில் இன்னும் குறைத்தால் பொறி வராது. அதனால் ஸ்டார்ட் நிலைக்கு மட்டும் தனியாக ஒரு பழுப்பு ஒயர், ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு நேராகக் காயிலுக்குப் போகிறது. உங்கள் வண்டியில் பழுப்பு வழி நன்றாக இருக்கிறது. நீல வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

பானட்டைத் திறந்தால் ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவரில், வெள்ளைப் பீங்கான் கட்டி ஒன்று திருகி வைத்திருப்பார்கள், இரண்டு முனை இருக்கும். அதுதான் ரெசிஸ்டர். ஓடின சூட்டோடு கையை வைக்காதீர்கள், சுட்டுவிடும். ஒயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். அரை ஓம், அதற்குச் சற்று மேலே இருக்க வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அது போய்விட்டது. விலை ரொம்பக் குறைவு, மாற்றிவிடலாம். "ரெசிஸ்டரே வேண்டாம், ஒரு ஒயரால் இணைத்துவிடு" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வண்டி ஓடும், பாயிண்ட் கருகும்.

மிச்சிகன்வாசி:
பார்த்தேன் அண்ணா. மீட்டர் ஒயரின் அளவைக் கழித்தால் 0.6 ஓம். ரெசிஸ்டர் நல்லாத்தான் இருக்கிறது.

கோவை ராக்கெட்:
சாவி சுவிட்ச் போயிருக்கும்.

பழையவண்டிக்காரன்:
போயிருக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஒயர்களைத் திரும்ப மாட்டுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியை ரன்னில் வைத்து, நீல ஒயர் ரெசிஸ்டருக்குள் நுழையும் முனையில் வோல்டேஜ் பாருங்கள். ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பலன் இல்லை. ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 என்று காட்டிவிடும். கரண்ட் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பாயிண்ட் மூடியபடி சாவியை ரொம்ப நேரம் ரன்னில் விடாதீர்கள், காயில் சூடாகும்.

மிச்சிகன்வாசி:
4 வோல்ட் சொச்சம்தான் வருகிறது! ஃபயர்வாலில் ஒயர்க் கட்டு நுழையும் பெரிய கனெக்டரை லேசாக ஆட்டினால் 11க்கு ஏறி மறுபடி விழுகிறது.

பழையவண்டிக்காரன்:
பிடித்துவிட்டீர்கள். டாட்ஜ் உட்பட அந்தக் காலத்து கிரைஸ்லர் கம்பெனி வண்டிகளின் தீராத வியாதி அந்த கனெக்டர்தான். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பிறகு கொக்கிகளைச் சின்ன ஸ்குரூடிரைவரால் மெதுவாக விலக்குங்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலான பிளாஸ்டிக், அவசரப்பட்டால் உடையும். உள்ளே நீல ஒயரின் தகடு பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சின்ன பிரஷால் தேய்த்து, தளர்ந்த தகட்டை இறுக்கி மாட்டுங்கள். தகடு அரித்துப் போயிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள், ஒயர்க் கட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

கையோடு தடித்த சிவப்பு, கறுப்பு ஒயர்களின் துளையையும் பாருங்கள். ஆல்டர்னேட்டரின் சார்ஜ் கரண்ட் அதன் வழியாக உள்ளே போய், டாஷில் இருக்கும் ஆம்ப் மீட்டரைத் தாண்டி வருகிறது. அங்கே பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். தீப்பிடிக்கிற இடம் அது.

நெவார்க் ராஜா:
இவ்வளவு பாடு எதற்கு? டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே மறைந்துவிடும் எலக்ட்ரானிக் செட் கிடைக்கிறதே.

பழையவண்டிக்காரன்:
கிடைக்கிறது, தாராளமாகப் போடலாம், நான் எதிரி இல்லை. கழற்றிய பாயிண்டை ஒரு பையில் போட்டு வைத்தால் நாளைக்கே பழையபடி ஆக்கிவிடலாம். ஆனால் அந்த செட்டுக்கும் ரன் நிலையில் கரண்ட் வந்தாக வேண்டுமே. 4 வோல்ட் வருகிற ஒயரில் எதை மாட்டினாலும் ஓடாது. ஒயரை வெட்டுவதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. தம்பி, இன்னொன்று: பின் சீட்டைக் கழற்றும் வேலை வந்தால் ஸ்பிரிங்கு நடுவில் கையை விட்டுப் பாருங்கள். வண்டி கட்டும்போது தொழிலாளர்கள் பார்த்து வேலை செய்த தாள் அங்கே சொருகிக் கிடப்பதுண்டு. கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மிச்சிகன்வாசி:
நீலத் தகடு ஒன்றுதான் அரித்திருந்தது, மாற்றிவிட்டேன். தடித்த ஒயர்கள் சுத்தம். இப்போது ரன்னிலும் ஓடுகிறது. நன்றி அண்ணா. ஒரே சந்தேகம்: ஹெட்லைட் போட்டால் விளக்கை மறைக்கும் கதவு திறந்து விளக்கு எரிகிறது, ஆனால் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆம்ப் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்கிறது.

பழையவண்டிக்காரன்:
ஐடிலில் அந்த ஆல்டர்னேட்டர் அவ்வளவுதான் கொடுக்கும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்ததும் முள் நடுவுக்கு வந்தால் கவலை இல்லை. வராவிட்டால் பெல்ட் இறுக்கத்தைப் பாருங்கள், அப்புறம் ரெகுலேட்டர்.