போர்க்கப்பல் டிசைன்: வாங்குவதா, வரைவதா?

வல்வையூரான்:
2025 நவம்பரில் அமெரிக்கக் கடற்படை தன் கான்ஸ்டலேசன் வகை ஃபிரிகேட் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) திட்டத்தை நிறுத்தியது. கட்டிக்கொண்டிருந்த முதல் இரண்டை மட்டும் முடிப்பார்களாம். டிசைன் புதிதல்ல, இத்தாலியும் பிரான்சும் ஏற்கனவே ஓட்டும் ஃப்ரெம் கப்பலுடையது. கடலில் ஓடிக் காட்டிய கப்பலை எடுத்தும் இந்தக் கதி என்றால், சொந்தமாக வரைவதே மேல் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

காரைநகர்த் தம்பி:
அண்ணை, வாங்கியதால் கெடவில்லை. வாங்கிய பிறகு கைவைத்ததால் கெட்டது. மூலக் கப்பலோடு 85 வீதம் ஒத்திருக்கும் என்று தொடங்கினார்கள், கடைசியில் 15 வீதத்துக்கும் கீழே வந்து நின்றது. தீ, வெள்ளம், வெடியதிர்ச்சி எல்லாவற்றுக்கும் அமெரிக்கக் கடற்படையிடம் தனி விதி இருக்கிறது. உடலை ஏறத்தாழ 7 மீற்றர் நீட்டினார்கள், எடை 10 வீதத்துக்கு மேல் கூடியது. இதில் வரைபடம் முடியும் முன்பே 2022 ஓகஸ்டில் கட்டவும் தொடங்கிவிட்டார்கள்! 2026இல் வரவேண்டிய முதற்கப்பல் 2029க்குத் தள்ளிப்போனது. பதினெட்டடி வள்ளத்தில் அளவுக்கு மீறின இஞ்சினைப் பூட்டிவிட்டு, வள்ளம் கட்டிய ஓடாவியைத் திட்டலாமா?

வல்வையூரான்:
ஓடாவிக் கதையை எங்களூர்க்காரனிடம் எடுக்காதே தம்பி. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அதற்கு யாரிடம் டிசைன் வாங்கினார்கள்?

கோண்டாவில் பொறியியலாளர்:
அன்னபூரணி பெருமைதான், ஆனால் அதில் ரேடாரும் ஏவுகணையும் இல்லையே. இன்றைய போர்க்கப்பலில் உடலைக் கட்டுவது சுலபமான பாதி. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பேச வைப்பதில்தான் காசும் காலமும் கரைகிறது.

இந்தியா போன வழியைப் பாருங்கள். பிரித்தானியாவின் லியாண்டர் டிசைனை உரிமம் பெற்று, பம்பாயின் மசகான் டொக் கப்பல் கட்டும் தளத்தில் ஆறு கப்பல் கட்டினார்கள். முதலாவது நீல்கிரி, 1972. ஆறும் முடிய 1981 ஆனது. பின்னால் வந்தவற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் மாற்றங்களைச் சேர்த்தார்கள். அப்புறம் 1983இல் கோதாவரி வந்தது. கடற்படையின் சொந்த டிசைன் பிரிவு வரைந்த கப்பல் அது. உடல் பெரியது, இரண்டு சீகிங் ஹெலிகொப்டர்களைத் தாங்கும். ஆனால் பழகிய நீராவி இயந்திரத்தையே வைத்துக்கொண்டார்கள். எதை மாற்றக் கூடாது என்று தெரிந்திருந்தது. அந்தப் புத்தி ஆறு கப்பல் கட்டிய கைக்கு வந்தது.

காரைநகர்த் தம்பி:
பத்து வருடம் பொறுக்க முடிந்தவர்களுக்கு அது சரி. அவசரக்காரர்கள் என்ன செய்வது? அவுஸ்திரேலியா பிரித்தானிய டைப் 26 ஃபிரிகேட் டிசைனை எடுத்துத் தன் ரேடாரைப் பூட்டி ஹன்டர் வகையாக்கப் பார்த்தது. 9 கப்பல் 6 ஆகச் சுருங்கியது. 2025 ஓகஸ்டில் யப்பானின் மொகாமி வகையைத் தேர்ந்தெடுத்தபோது, மொத்தம் 11இல் முதல் மூன்றை யப்பானிலேயே கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். அதே மாதம் நோர்வேயும் டைப் 26ஐத் தேர்ந்தெடுத்தது, ஆனால் பிரித்தானியக் கப்பல் மாதிரியே வேண்டும் என்று. என் காசு நோர்வே பக்கம்.

வல்வையூரான்:
அப்படியே வாங்கினால் உதிரிப்பாகத்துக்கும் மென்பொருளுக்கும் ஆயுளுக்கும் பிறர் வாசலில் நிற்க வேண்டும். அதைக் கணக்கில் சேர்த்தாயா?

திருநெல்வேலி வாசகி:
பெரிய நாடுகளின் கதை போதும், இலங்கைக்கு வாருங்கள். கடற்படையின் ரோந்துக் கப்பல் சயுரல 2017இல் சேவைக்கு வந்தது, கோவாவில் கட்டியது. மற்றப் பெரிய கப்பல்களில் பல பிற நாடுகள் பாவித்துக் கொடுத்தவை. ஆனால் 2025 ஜூனில் ஒரு செய்தி வந்ததே, கப்பல் கட்டும் நிறுவனமான கொழும்பு டொக்யார்ட்டின் 51 வீதத்தையாவது வாங்கப்போவதாக இந்திய நிறுவனம் ஒன்று அறிவித்தது. எந்த நிறுவனம் தெரியுமா? பொறியியலாளர் அண்ணா சொன்ன அதே மசகான் டொக்தான்.

வல்வையூரான்:
சரி, டிசைன் அலுவலகமும் கொழும்புக்கு வருமா, வெல்டிங் வேலை மட்டும்தானா?

காரைநகர்த் தம்பி:
முதலில் வெல்டிங்காவது வரட்டும் அண்ணை. நீல்கிரிக்கும் பம்பாயில் அதுதான் முதலில் வந்தது.