பனிச்சிறுத்தைக்கு யார் விலை கொடுப்பது? சேலம் வாசகர்களின் விவாதம்

செவ்வாய்ப்பேட்டை வாசகன்:
2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் உள்ளன. அவற்றில் 477 லடாக்கில் மட்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் 2017-லேயே இவ்விலங்கை அருகிய இனம் என்ற நிலையிலிருந்து, அதைவிட ஆபத்து ஒரு படி குறைந்த அழிவாய்ப்பு இனம் என்ற நிலைக்குத் தளர்த்திவிட்டது. நிலைமை இப்படியிருக்க, ஆடுகளை அடிக்கும் பனிச்சிறுத்தையைக் கொல்கிறார்கள் என்று பனிமலையில் ஆடு மேய்த்துப் பிழைப்பவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகப் படவில்லை. 2024-ல் நம் மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூரில் ஆடுகளை அடித்துவந்த சிறுத்தை குண்டடிபட்டு இறந்து கிடந்தபோது, இங்கே எத்தனை பேர் ஆட்டுக்காரர்களுக்காகப் பரிந்து பேசினோம்?

ஏற்காட்டுத் தோட்டக்காரி:
ஐயா, 718 என்பது 2019 முதல் 2023 வரை தானியங்கிக் கேமராக்களை வைத்து, நாட்டில் இவ்விலங்கு வாழக்கூடிய பகுதியில் பெரும்பகுதிக்கு முறையாக எடுக்கப்பட்ட முதல் கணக்கு. முதன்முறையாக எடை பார்த்தவரிடம் உடம்பு தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. 2017-ல் நிலை மாறியதற்கும் பெருக்கம் காரணமல்ல. முதிர்ந்த விலங்குகள் 2,500-க்குமேல் இருக்கும் என்று மதிப்பிடப்பட்டதால் அந்த வரம்பைத் தாண்டியதே காரணம். எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் வருகிறது என்று அதே மதிப்பீடு சொல்கிறது. காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் ட்ராஃபிக் அமைப்பு 2016-ல் வெளியிட்ட அறிக்கை, 2008-க்குப் பின் ஆண்டுதோறும் 221 முதல் 450 வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்டவை, கால்நடையை இழந்தவர்கள் பழிவாங்கக் கொன்றவை.

மேச்சேரி ஆட்டுக்காரர்:
அந்தப் பாதியைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். காட்டில் ஓர் ஆடு போனால் விதி என்று விட்டுவிடலாம். காலையில் பட்டியைத் திறக்கும்போது பதினைந்து இருபது உருப்படி கழுத்து கடிபட்டுக் கிடந்தால், அந்த வீட்டில் அந்த ஆண்டு கல்யாணமும் இல்லை, பிள்ளைக்குப் படிப்பும் இல்லை. தாயி, உங்கள் காப்பிச் செடியைச் சிறுத்தை தின்பதில்லை.

ஏற்காட்டுத் தோட்டக்காரி:
காட்டுமாடு மிதித்துப் போன வரிசைகளை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது அண்ணா, அது இருக்கட்டும். ஒரே இரவில் அத்தனை ஆடுகள் சாவதற்கு அந்தப் பட்டியின் அமைப்பே காரணம். லடாக்கிலும் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பித்தியிலும் தாழ்வான கற்சுவர் எழுப்பி, மேலே திறந்தபடி விட்டுவிடுவார்கள். உள்ளே குதிக்கும் சிறுத்தையைச் சுற்றி ஆடுகள் தப்ப வழியின்றி மிரண்டு ஓட, அசைவது ஒவ்வொன்றையும் அது கடித்துக்கொண்டே போகிறது. விடியும்வரை வெளியேற முடியாமல் உள்ளேயே கிடக்க, ஆட்டுக்காரர் அதைக் கல்லால் அடித்துக் கொல்வதும் நடக்கிறது. மரச்சட்டத்தின் மேல் கம்பிவலை விரித்து, இடுக்கில்லாத கதவு ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். அந்தப் பட்டியில் இத்தகைய இரவு வராது. ஸ்பித்தியின் கிப்பர் ஊரிலோ, மேய்ப்பவர்களே பணம் கட்டி நடத்தும் கால்நடைக் காப்பீடு இருக்கிறது. எந்த ஆடு உண்மையில் சிறுத்தையால் செத்தது என்பதையும் ஊரார்தான் தீர்மானிக்கிறார்கள், அதனால் பொய்க் கணக்கு எளிதில் நுழைவதில்லை.

செவ்வாய்ப்பேட்டை வாசகன்:
வலை இரவுக்குச் சரி. பகலில் மேய்ச்சல் நிலத்துக்கு யார் வலை போடுவது? மலைச்சரிவில் ஆடு பெருகப் பெருக, பனிச்சிறுத்தையின் இயல்பான இரையான நீலச்செம்மறிக்குப் புல் மிஞ்சுவதில்லை. ஆடு ஏன் பெருகுகிறது? மங்கோலியாவில் 1990-ல் சுமார் 50 லட்சமாக இருந்த வெள்ளாடுகள் பின்னர் இரண்டரைக் கோடியைத் தாண்டின. அந்த ஆடுகளின் மென்மையான காஷ்மீர் உரோமத்துக்கு உலகச் சந்தையில் கிடைக்கும் விலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். சால்வை போர்த்துபவர் பெருநகரத்தில் இருக்க, பழி மட்டும் மேய்ப்பவன் தலையில் விழுகிறது. போதாக்குறைக்கு, சுற்றுலாக் குப்பையில் கொழுத்த தெருநாய்க் கூட்டங்கள் லடாக்கில் நீலச்செம்மறிகளையும் ஆடுகளையும் துரத்துகின்றன. அந்தப் பழியும் சில நேரம் சிறுத்தை மேல்தான் விழும்.

ஏற்காட்டுத் தோட்டக்காரி:
இதில் உங்களுடன் எனக்குச் சண்டையில்லை. கிப்பரில் ஊரார் ஒரு பகுதியை மேய்ச்சலில்லாமல் ஒதுக்கிவைத்தபின் அங்கே நீலச்செம்மறிகள் பெருகின. விலங்கைக் கொன்றால் தண்டனை உண்டு என்பதை மட்டும் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது. வாங்குபவர் பங்கு கேட்டீர்களே, மங்கோலியாவில் 1998-ல் தொடங்கிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது: மேய்க்கும் குடும்பத்துப் பெண்கள் செய்யும் கம்பளிப் பொருள்களைப் பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பினர் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள், அந்த ஆண்டில் ஊரில் எவரும் பனிச்சிறுத்தையைக் கொல்லாதிருந்தால் மேற்கொண்டு ஊக்கத்தொகையும் உண்டு. ஒருவர் கொன்றாலும் ஊர் முழுவதும் அத்தொகையை இழக்கும்.

மேச்சேரி ஆட்டுக்காரர்:
கம்பிவலைக்கும் காப்பீட்டுக்கும் ஒத்துக்கொள்கிறேன். என் பங்கைக் கட்டவும் தயார். ஆனால் எவனோ ஒருவன் பொறி வைத்ததற்கு, வீட்டில் உட்கார்ந்து கம்பளி பின்னிய கிழவியின் பணத்தை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்? வனத்துறை நம் பக்கம் அப்படி ஒரு விதி போட்டால் பஞ்சாயத்தில் முதல் ஆளாக எழுந்து எதிர்ப்பேன்.

ஏற்காட்டுத் தோட்டக்காரி:
எதிர்க்கலாம் அண்ணா. ஆனால் பொறி வைப்பவன் யாரென்று வனத்துறைக்குத் தெரியாவிட்டாலும் அந்தக் கிழவிக்குத் தெரியும். அதை நம்பித்தான் அந்த விதியை வைத்திருக்கிறார்கள்.