ஆங்கிலேயரின் சமையலைக் கெடுத்தது போரா, வேலியா?

மண்சட்டி:
ஆங்கிலேயர் உணவு என்றாலே உப்புச்சப்பில்லாதது என்று இங்கே பலர் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. 1390 வாக்கில் மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் தொகுத்த 'ஃபார்ம் ஆஃப் கியூரி' என்ற சமையல் நூலில் ஏறத்தாழ இருநூறு பக்குவங்கள் உள்ளன. இஞ்சி, பட்டை, கிராம்பு, குங்குமப்பூ, அரத்தை, வால்மிளகு எல்லாம் அதில் புழங்குகின்றன. இந்த மரபைக் கொன்றது இரண்டாம் உலகப் போரின் உணவுப் பங்கீடு. 1940 ஜனவரியில் தொடங்கியது, 1954 ஜூலையில்தான் முடிந்தது. ஆளுக்கு வாரம் ஒரு முட்டை, இரண்டு அவுன்ஸ் தேயிலை. பாலின் பெரும்பகுதி 'அரசு செட்டார்' என்ற ஒரே வகைப் பாலாடைக்கட்டிக்குப் போனதால், ஊருக்கு ஊர் செய்துவந்த வகைகள் பல மறைந்தன.

நூலகத்தூசி:
அரண்மனைப் பந்தியை வைத்து ஊராரின் அடுப்பை அளக்காதீர்கள். குங்குமப்பூ எந்தக் குடியானவன் வீட்டில் இருந்தது? அவன் உண்டது 'பாட்டேஜ்': வாற்கோதுமை, பட்டாணி, வெங்காயம், கீரை எல்லாம் ஒரே பானையில் மெல்லக் கொதித்த கூழ். அந்தப் பானையைக் கவிழ்த்தவை, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கிய சட்டங்கள். மேய்ச்சல் போனது, பசு போனது, விறகு பொறுக்கும் உரிமையும் போனது. 1851 கணக்கெடுப்பில் மக்களில் பாதிக்கு மேல் நகரவாசிகள். சமைக்க வசதியில்லாத அறையில் கடை ரொட்டியும் சர்க்கரைத் தேநீரும்தான் மிச்சம். வசதியுள்ளவர்களும் உயர்வில்லை. 1748இல் இங்கிலாந்து சென்ற பேர் கால்ம் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர், ஆங்கிலேயரின் சமையற்கலை வாட்டிய மாட்டிறைச்சியையும் பிளம் புட்டிங்கையும் தாண்டுவதில்லை என்று எழுதினார்.

புதுக்குடம்:
கியூரி என்பது நம் கறிதானே?

மண்சட்டி:
இல்லை தம்பி. சமையல் என்பதற்கான பழைய சொல் அது, பிரெஞ்சு வழியாக வந்தது. நம்மிடமிருந்து போனது 'மல்லிகடானி'. மிளகுத்தண்ணீர்தான் அப்படி ஆனது. அவர்கள் இறைச்சி சேர்த்து அதைச் சூப்பாக்கிக்கொண்டார்கள்.

நூலகத்தூசி அவர்களே, கால்மின் கூற்றில் பாதியை விட்டுவிட்டீர்கள். இறைச்சியைப் பக்குவமாக வாட்டும் கலையில் ஆங்கிலேயர் மற்ற எல்லோரையும்விடக் கிட்டத்தட்ட மேலானவர்கள் என்பதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்த வாட்டல் எளிய வேலையும் இல்லை. இரும்புக் கம்பியில் கோத்த தொடைக்கறி, எரியும் கணப்பின் முன்னால் மணிக்கணக்கில் சுழல வேண்டும். தீ தணிந்தால் வேகாது, மிஞ்சினால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். சொட்டும் கொழுப்பும் வீணாகாது. கீழே பால், முட்டை, மாவு கரைத்து ஊற்றிய தட்டு இருக்கும். கொழுப்பு விழ விழ அது வெந்துவிடும். சமையல் நூலாசிரியர் ஹன்னா கிளாஸ் 1747இல் யார்க்‌ஷயர் புட்டிங் என்று எழுதிவைத்தது இதைத்தான். அடுப்படியை அறிந்த மக்களுக்குத்தான் இப்படித் தோன்றும்.

நூலகத்தூசி:
வாட்டலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, ஏற்கிறேன். ஆனால் அந்தக் கணப்பும் போருக்கு முன்பே போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் மூடிய நிலக்கரி அடுப்புகள் வந்தபின், இறைச்சி பெட்டிக்குள் வேகத் தொடங்கியது. வாட்டல் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. 1861இல் வந்த திருமதி பீட்டனின் வீட்டு நிர்வாகப் புத்தகம் பெரிய கேரட்டை இரண்டேகால் மணி நேரம்வரை வேகவைக்கச் சொல்கிறது. அப்போது எந்தப் பங்கீடு இருந்தது?

மண்சட்டி:
அச்சிட்ட புத்தகம் வேறு, வீட்டுப் பழக்கம் வேறு. ஃபுளோரன்ஸ் வைட் 1928இல் ஆங்கில நாட்டுப்புறச் சமையலுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். பழைய பக்குவங்களைத் திரட்டி 1932இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் எண்ணூறுக்கும் மேல் இருக்கின்றன. பல, வீடுகளில் அப்போதும் கைப்பழக்கத்தில் இருந்தவை.

நூலகத்தூசி:
அவர் சங்கம் தொடங்கியதே அவை அழிந்துவருகின்றன என்ற கவலையில்தான்.

மண்சட்டி:
அழிந்துவந்தன என்பதை மறுக்கவில்லை. அழிந்துவிடவில்லை என்கிறேன். 1940இல் பத்து வயதாக இருந்த பெண்ணை எண்ணிப் பாருங்கள். அம்மாவின் பக்கத்தில் நின்று கைப்பக்குவம் படிக்க வேண்டிய வயது. பங்கீடு முடிந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு. அதுவரை அவள் பழகியது முட்டைத்தூளும் அளந்து கொடுத்த வெண்ணெயும்தான். தன் மகளுக்கு அவள் எதைச் சொல்லிக்கொடுத்திருப்பாள்?