வீட்டுக் கடனை முதலில் முடிப்பதா, குழந்தைக்குப் பணம் வைப்பதா?

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எனக்கு 31 வயது, வீட்டுக்காரருக்கு 34. கல்யாணமாகி நாலு வருஷம். அவர் தினமும் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய் வருகிறார், பம்ப்செட் கம்பெனியில் வேலை, கைக்கு 62 ஆயிரம் வரும். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், 26 ஆயிரம்.

மூணு வருஷத்துக்கு முன்னால் ஐந்து சென்ட் இடத்தில் வீடு கட்டினோம். ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸில் 25 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருஷம், இஎம்ஐ 21,696. போன வாரம் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தேன். இதுவரைக்கும் ஏழே முக்கால் லட்சம் கட்டியாயிற்று, ஆனால் பாக்கி இன்னும் 23 லட்சத்து 40 ஆயிரம் நிற்கிறது. அடுத்த மாதத்து வரியில் வட்டி 16,575, அசல் 5,121 என்று போட்டிருக்கிறது. கணக்கு எழுதுவதுதான் என் வேலை, இப்படித்தான் இருக்கும் என்று தெரியும், இருந்தாலும் நம் வீட்டுக் கணக்கில் அந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

கையில் ஆறு லட்சம் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்காரர் மொத்தத்தையும் கடனில் அடைத்துவிடலாம், ஏழு வருஷம் குறையும் என்று எக்செல்லில் போட்டுக் காட்டுகிறார். அப்புறம் மூணு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இன்னும் கொஞ்சம் அடைத்துவிட்டுக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்கிறார். அத்தையும் அதே பேச்சுதான், மாமா காலத்தில் தோட்டத்தின் மேல் வாங்கிய கடனுக்கு அவர் பட்ட பாடு அப்படி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் குழந்தையைத் தள்ளிப்போட மனசே இல்லை. அதே சமயம் இந்த வட்டியும் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. இந்த இடத்தைத் தாண்டி வந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மீனாட்சிபுரம் அக்கா எழுதியது:

தங்கச்சி, ஆறு லட்சத்தையும் கொண்டுபோய்க் கட்டிவிடாதே. நாங்கள் கட்டினோம், அதனால் சொல்கிறேன்.

எனக்கு ஐந்தாவது மாதம் நடக்கும்போது கையில் இருந்த நாலு லட்சத்தையும் கடனில் அடைத்தோம். குழந்தை வருவதற்குள் பாரம் குறையட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தோம். 34ஆவது வாரத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. பையன் 13 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். பிரசவத்தோடு சேர்த்து பில் 2 லட்சத்து 85 ஆயிரம். வீட்டுக்காரர் கம்பெனி இன்சூரன்ஸில் பிரசவத்துக்கு 50 ஆயிரம்தான் வரம்பு என்பது டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். கடன் கொடுத்த இடத்தில் போய், நாங்கள் கூடுதலாகக் கட்டியதில் கொஞ்சம் திருப்பித் தர முடியுமா என்று கேட்டால், கட்டியது கட்டியதுதான், வேண்டுமானால் டாப்-அப் லோன், அதாவது அதே வீட்டின் மேல் கூடுதல் கடன், போடுங்கள் என்றார்கள். அதற்கு இடம் நம் கையில்தான் இருக்கிறது என்று வில்லேஜ் ஆபீஸில் தருகிற கைவச சர்டிபிகேட், புதிதாகக் கரம் (நிலவரி) அடைத்த ரசீது, ரெண்டு பேருடைய சம்பளச் சீட்டு என்று ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். பிள்ளை உள்ளே கிடக்கிறபோது யார் அலைவது?

கடைசியில் நகையை எடுத்தோம். அடகுக் கடைக்காரர் என் வளையலை ஒவ்வொன்றாக உரைகல்லில் தேய்த்துப் பார்த்ததை வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லி வருத்தப்படுவார், அது எங்கள் அம்மா போட்டது. நகைக்கடன் வட்டி வீட்டுக் கடன் வட்டியைவிட அதிகம், மீட்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. வீட்டுக் கடனில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போய்விட்டது.

பையனுக்கு இப்போது ஆறு வயது, ஓடி விளையாடுகிறான். ஆனால் பிரசவம் முடிந்து ஆறு மாசம் ஆகிறவரைக்கும் கையில் ரொக்கம் இருக்கட்டும், மூணு லட்சத்துக்குக் குறையாமல். வட்டி போகிறதே என்று நினைக்காதே.

நாட்டுக்கல் சிவா எழுதியது:

அக்கா சொன்னதைத் தாண்டி எனக்குத் தோன்றிய முதல் கேள்வி வேறு. உங்கள் வட்டி ஏன் இன்னும் 8.5இலேயே நிற்கிறது? நீங்கள் கடன் வாங்கியபோது ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி பாங்குகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டி, 6.5 சதவீதம். 2025 பிப்ரவரியிலிருந்து இறக்கிக்கொண்டே வந்து அந்த வருஷம் டிசம்பரில் 5.25 ஆக்கினார்கள். பாங்குகளில் ரெப்போவோடு கட்டிய கடனுக்கு அது தானாக இறங்கும். ஹவுசிங் ஃபைனான்ஸ்காரர்கள் பல பேர் தங்கள் சொந்த விகிதத்தை வைத்துக்கொள்வார்கள், புதிதாக வருகிறவர்களுக்குக் குறைந்த வட்டி, பழைய ஆளுக்குப் பழைய வட்டி. கேட்டால்தான் குறைப்பார்கள். ஒரு சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு இப்போதைய வட்டிக்கு மாற்றித் தருவார்கள், முடியாது என்றால் வேறு பாங்குக்கு மாற்றிக்கொண்டு போகிறேன் என்று எழுதிக் கொடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7.5க்கு இறங்கி, இஎம்ஐயைக் குறைக்காமல் அதே 21,696ஐக் கட்டினால், 204 மாதம் 180 ஆகிவிடும். ஒரு பைசா கூடுதலாகக் கட்டாமல் ரெண்டு வருஷம் போகிறது! கூடவே ஒரு ரெண்டு லட்சம் அசலில் அடைத்தால் 154 மாதம். அப்புறமும் உங்கள் கையில் நாலு லட்சம் இருக்கும்.

அடைக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல இடத்தில் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அவர்கள் இஷ்டத்துக்கு ஏதாவது ஒன்றைச் செய்துவிடுவார்கள். தவணைக் காலத்தைக் குறைக்கவா, இஎம்ஐயைக் குறைக்கவா என்று எழுத்தில் கொடுங்கள். காலத்தைக் குறைத்தால்தான் வட்டி பெரிதாக மிச்சமாகும். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது, ரிசர்வ் வங்கி 2012இலேயே பாங்குகளில் அதை நிறுத்திவிட்டது, ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் அதே விதிதான். நிலையான வட்டி என்றால் மட்டும் பத்திரத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

வரிச் சலுகை போய்விடும், கடனை முடிக்காதே என்று யாராவது சொல்வார்கள். உங்கள் வீட்டுக்காரர் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் வரியே வராது, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு அதில் கழிவும் கிடையாது. அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

கோவிந்தாபுரத்தான் எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்காரர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. குழந்தை வந்த பிறகு யாராலும் சேர்த்து அடைக்க முடியாது, நானும் என் தம்பியும் ஒரே வருஷம் கடன் வாங்கினோம், நான் முதல் நாலு வருஷம் வெறி பிடித்த மாதிரி அடைத்தேன், அவன் பிள்ளை பிறக்கட்டும் பார்க்கலாம் என்று விட்டான். எனக்குப் போன வருஷம் முடிந்து ஆதாரம் (வீட்டுப் பத்திரம்) கைக்கு வந்துவிட்டது, அவனுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. ஸ்கூல் ஃபீஸ் கட்டவே அவனுக்குச் சரியாக இருக்கிறது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த நாலு வருஷம் நாங்கள் குழந்தையைத் தள்ளிப்போட்டோம், அதற்கப்புறம் மூணு வருஷம் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். ஆதாரம் கைக்கு வந்த அன்றைக்கு வீட்டில் ரெண்டு பேர்தான் இருந்தோம். இப்போது ஏழாவது மாசம் நடக்கிறது, கடவுள் புண்ணியம். 31 வயதில் இருக்கிற பெண்ணிடம் இன்னும் மூணு வருஷம் பொறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே அடைக்க வேண்டும், ஆனால் குழந்தையை நிறுத்திவிட்டு அல்ல. கேரள அரசின் கேஎஸ்எஃப்இயில் ஒரு சிட்டி (சீட்டு) போட்டு வைத்தால் மாதம் தவறாமல் சேரும், மூணு நாலு வருஷத்தில் பிடித்துக் கடனில் போடலாம். அவசரத்துக்கு ஏலத்தில் தள்ளியும் எடுக்கலாம், தள்ளுபடி மட்டும் போகும். கடனையே மாற்றுவதானால் எஸ்பிஐயில் மேக்ஸ்கெயின் என்று ஒன்று இருக்கிறது, ஓவர்டிராஃப்ட் மாதிரி. உபரிப் பணத்தை அதில் போட்டு வைத்தால் அவ்வளவுக்கும் வட்டி ஓடாது, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உங்களைப் போலப் பிரசவத்துக்குப் பணம் வைத்துக்கொள்ளவும் வேண்டும், வட்டியும் குறைய வேண்டும் என்கிறவர்களுக்கு அது பொருத்தம். வட்டி விகிதம் கொஞ்சம் கூட இருக்கும், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வேலந்தாவளம் டீச்சர் எழுதியது:

பணத்தைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை, கண்ணு. சம்பளம் 21 ஆயிரத்துக்கு மேல் என்பதால் உனக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்காது, அப்படியானால் பிரசவ விடுப்புச் சம்பளம் கம்பெனிதான் தர வேண்டும். 2017இலிருந்து முதல் ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம். பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாதத்தில் 80 நாளாவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும், அதனால் இடையில் கம்பெனி மாறுகிற யோசனை இருந்தால் தேதியைக் கணக்குப் பார்த்துக்கொள். 26 வாரம் முடிந்தவுடனே போக முடியுமா என்பது வேறு, என்னால் முடியவில்லை, எட்டு மாசம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தேன். அந்த எட்டு மாசத்துக்கும் இஎம்ஐ தனியாக எடுத்து வை.

சொந்தமாக இன்சூரன்ஸ் எடுப்பதானால் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், பல பாலிசியில் ரெண்டு வருஷம், அதற்கு மேலும் உண்டு. இப்போது எடுத்தாலும் இந்தப் பிரசவத்துக்கு உதவாது. கம்பெனி பாலிசியில் பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே உண்டா என்று எழுத்தில் வாங்கு. அம்மா வீடு பொள்ளாச்சிப் பக்கம் என்றால் இன்னொன்று, தமிழ்நாட்டில் தருகிற முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18 ஆயிரம் ரேஷன் கார்டும் ஆதாரும் கேரளாவில் இருக்கிற நமக்கு வராது. அதை நம்பிக் கணக்குப் போடாதே.

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா எழுதியதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன், வளையல் இடம் வந்ததும் எக்செல்லை மூடி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை ரெண்டு பேரும் அந்த ஃபைனான்ஸ் ஆபீஸுக்குப் போனோம். சிவா அண்ணா சொன்ன மாதிரிதான், முதலில் உங்கள் ஸ்கீம் வேறு என்று சொன்னார்கள், வேறு பாங்குக்கு மாற்றப்போகிறோம், பாக்கி விவரச் சீட்டு கொடுங்கள் என்று கேட்டதும் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தார்கள். ஐயாயிரத்துச் சில்லறை கட்டணம் கட்டினால் 7.6க்கு மாற்றித் தருகிறார்களாம், இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று கையால் எழுதிக் கொடுத்து சீல் வைத்த நகல் வாங்கிக்கொண்டோம். ரெண்டு லட்சம் இந்த மாதக் கடைசியில் அடைக்கிறோம். நாலு லட்சத்தை ரெண்டு எஃப்டியாகப் பிரித்துப் போட்டிருக்கிறோம், ஒன்று உடைத்தாலும் இன்னொன்று நிற்கும்.

அத்தையிடம் நான்தான் பேசினேன். கடன் இருக்கிறது அத்தை, ஆனால் 154 மாதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, பணமும் கையில் இருக்கிறது என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மேலே அட்டாலியில் இருந்த பழைய தேக்குத் தொட்டில் கட்டையை இறக்கித் துடைத்து வைக்கச் சொன்னார்.

கம்பெனி பாலிசிக் காகிதம் திங்கட்கிழமை எச்ஆரிடம் கேட்கிறேன். வரம்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.