வால்வை எடுத்தாச்சு, ஆனாலும் பாய் நனைகிறது

மதுரையிலிருந்து, எட்டு வயதுப் பையனின் அம்மா:

ஏழாம் மாத ஸ்கேனிலேயே குழந்தைக்கு இரண்டு கிட்னியும் வீங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். பிறந்த அன்றே மூத்திரத் துவாரம் வழியாக ஒரு ஃபீடிங் டியூபை விட்டார்கள். பால் கொடுக்கிற டியூபை ஏன் அங்கே விடுகிறார்கள் என்று நான் அழுதது இன்றும் நினைவிருக்கிறது. அப்புறம் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். மூத்திரக் குழாயில் ஜவ்வு மாதிரி ஒரு அடைப்பு. அந்த ஜவ்வைத்தான் வால்வு என்கிறார்கள். இந்த நோய்க்கு பி.யு.வி. என்று பெயர், ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வருவதாம். பத்தாம் நாள் சின்ன கேமராக் குழாய் விட்டு அதை அறுத்தார்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் என்ற ரத்த அளவு இறங்கியது. சரி, முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆறு வயதிலும் பகலில் டிரவுசர் நனைந்தது. மாமியார் சோம்பேறி என்றார். பள்ளியில் பாடம் நடக்கும்போது வெளியே விட மறுத்தார்கள். நானும் ஒருநாள் அடித்துவிட்டேன்.

பிறகுதான் டாக்டர் விளக்கினார். வயிற்றுக்குள் இருந்தபோதே அடைப்பை எதிர்த்து முக்கி முக்கி மூத்திரப்பையின் சுவர் தடித்துவிட்டது. அடைப்பு போனாலும் சுவர் பழையபடி ஆவதில்லை. பை நிறைந்தது இவனுக்குத் தெரிவதும் இல்லை. கிட்னி அடிபட்டதால் மூத்திரம் தண்ணீராக நிறைய வேறு இறங்குகிறது. ராத்திரி தண்ணீரைக் குறைத்துவிடலாம் என்று இருந்தேன். அதைச் செய்யவே கூடாது, உடம்பு வறண்டுபோகும் என்றார்.

வயதோடு இரண்டைக் கூட்டி 30 ஆல் பெருக்கினால் பை கொள்ள வேண்டிய அளவு மில்லியில் வருமாம். அப்போது இவனுக்கு 240. காலையில் அளவுக் கப்பில் பிடித்துப் பார்த்தால் 400! பத்து நிமிடம் கழித்து மறுபடி உட்காரவைத்தேன், இன்னும் 110 வந்தது. அன்றிலிருந்து எப்போதும் இரண்டு தடவை போகச் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து, 27 வயது:

அக்கா, எனக்கும் இதேதான். ஒன்று சொல்கிறேன், பயப்படாதீர்கள். பதினான்கு வயதில் எனக்கு நனைவது நின்றுபோனது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உண்மையில் பை தளர்ந்து, மூத்திரம் உள்ளேயே தங்க ஆரம்பித்திருந்தது. அடிக்கடி குளிர்காய்ச்சல். ஒருநாளைக்கு நாலைந்து தடவை மூத்திரத் துவாரம் வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டு எடுக்கச் சொன்னார்கள். உணர்ச்சி நன்றாக இருக்கிற இடம் இல்லையா, வலி உயிர் போகும். கடைசியில் குடல்வாலை வைத்துத் தொப்புளில் இருந்து மூத்திரப்பைக்கு வழி செய்தார்கள், மித்ரோஃபனாஃப் என்பார்கள். இப்போது வலி இல்லை. ராத்திரி முழுக்க கதீட்டர் வழியாக வெளியே ஒரு பிளாஸ்டிக் பையில் வடிய விட்டுத் தூங்குகிறேன். அதற்குப் பிறகு கிட்னி வீக்கமும் குறைந்தது. ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது.

சேலத்திலிருந்து, ஒரு அப்பா:

என் பையனுக்கு நாலு வயது. நனைப்பதே இல்லை. அப்படியானால் சோதனை வேண்டாம்தானே?

திருப்பூர்:

வேண்டும் அண்ணா. நனையாததை நம்பித்தான் நான் மூன்று வருஷத்தை விட்டேன். போய் வந்த உடனே ஸ்கேன் வைத்து உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரஷரும் கிரியாட்டினினும் விடாமல் பாருங்கள்.

மதுரை:

தம்பி, நீங்கள் எழுதியதை அவன் அப்பாவிடமும் படித்துக் காட்டினேன். இவனுக்கு மூத்திரம் போக நினைவுபடுத்த இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதிர்கிற வாட்ச் வாங்கியிருக்கிறோம். வகுப்பில் கேட்டால் கிரிக்கெட் ஸ்கோர் வருகிறது என்று சொல்லிவைத்திருக்கிறான்.