600 மீட்டர் என்று அச்சிட்ட சிறிய டார்ச் 250 மீட்டரிலேயே திணறுகிறது: பழுதா, தரமே இவ்வளவுதானா?

இரவுநடை, இரவு 9.14
வணக்கம். சட்டைப் பையில் அடங்கும் அளவுள்ள, விலை குறைந்த டார்ச் ஒன்றைச் சென்ற வாரம் வாங்கினேன். பெட்டியின் மேல் 1,200 லுமென் என்றும், ஒளி 600 மீட்டர் வரை பாயும் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். நேற்றிரவு வெட்டவெளியில் நின்று எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மீது அடித்துப் பார்த்தபோது, தொட்டி இருக்குமிடத்தில் ஏதோ வெளிறித் தெரிந்ததே தவிர, அதன் ஏணியோ குழாயோ கண்ணுக்குப் புலப்படவில்லை. கைப்பேசி வரைபடத்தில் அளந்தால் தூரம் 250 மீட்டர்தான் வருகிறது. திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள்களே இருப்பதால், தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

மின்மினி, இரவு 9.31
தலைப்பகுதியின் விட்டம் எவ்வளவு, உள்ளே என்ன பேட்டரி, முழுச் சார்ஜில்தான் அடித்தீர்களா, எந்த மோடில் இருந்தது, எரியவிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் பார்த்தீர்கள் என்பதில் ஒன்றையும் நீங்கள் சொல்லவில்லை. இவை இல்லாமல் யார் பதில் சொன்னாலும் அது குறி சொல்வதாகத்தான் இருக்கும்.

பழையபேட்டரி, இரவு 9.40
பேட்டரிதான். விலை குறைந்த டார்ச்சோடு இலவசமாக வரும் பேட்டரியைத் தவிர வேறு எதையும் நான் சந்தேகிக்க மாட்டேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

லக்ஸ்கணக்கன், இரவு 10.02
இதே கேள்வி மாதம் தவறாமல் இங்கே வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கும் வழக்கம் ஏனோ யாருக்கும் இல்லை. சரி, இன்னொரு முறை சொல்கிறேன்.

டார்ச்சுகளுக்கென 2009-இல் வந்த எஃப்.எல்.1 தர அளவுகோலின்படி, ஒளி பாயும் தூரம் என்பது நீங்கள் பொருளைத் தெளிவாகப் பார்க்கும் தூரம் அன்று. ஒளிக்கற்றையின் நடுப்பகுதி எந்த இடத்தில் 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) குறைகிறதோ அந்த இடம் வரை உள்ள தூரம் அது. 0.25 லக்ஸ் என்பது ஏறக்குறைய முழுநிலவின் வெளிச்சம். நிலா வெளிச்சத்தில் 600 மீட்டருக்கு அப்பால் உள்ள ஏணியின் படிகளை எண்ண முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பயன்படும் தூரம் அச்சிட்டதில் பாதி என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

அடுத்தது, லுமென் என்பது எல்லாத் திசையிலும் வெளிவரும் ஒளியின் மொத்தம். தூரத்தைத் தீர்மானிப்பது நடுப்பகுதியின் செறிவான கேண்டெலா. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வந்துவிடும். 600 மீட்டருக்கு 90,000 கேண்டெலா வேண்டும். 300 மீட்டருக்கு 22,500 போதும். தூரம் இரட்டிக்க வேண்டுமானால் செறிவு நான்கு மடங்காக வேண்டும் என்பதைப் பெட்டியில் அச்சிடுபவர்கள் மட்டுமல்லாமல் வாங்குபவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

ஆந்தைக்கண், இரவு 10.20
எல்லோரும் டார்ச்சையே பார்க்கிறீர்கள். பார்க்கிற கண்ணை யாரும் கேட்கவில்லை. வெளிச்சமான இடத்திலிருந்து வெளியே வந்தால், கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். இவரோ நடுவில் கைப்பேசியைத் திறந்து வரைபடத்தில் தூரம் அளந்ததாகச் சொல்கிறார். அத்துடன், டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தால் காற்றில் உள்ள தூசியும் பனித்துளியும் ஒளியைத் திருப்பி முகத்திலேயே வீசும். எதிரே வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகிவிடும். கையை இடுப்பளவில் தாழ்த்தி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து மறுபடி அடித்துப் பாருங்கள்.

இரவுநடை, மறுநாள் காலை 7.05
பதிலளித்த அனைவருக்கும் நன்றி. தலையின் விட்டம் அளவுகோலால் பார்த்ததில் 28 மில்லிமீட்டர். பேட்டரி 18650 வகை, டார்ச்சோடு வந்தது, மேலே கொள்ளளவு 9,900 எம்.ஏ.எச். என்று எழுதியிருக்கிறது. சார்ஜ் விளக்கு பச்சையாக மாறிய பிறகே எடுத்தேன். அதிகபட்ச மோடில்தான் அடித்தேன். என்னிடம் மல்டிமீட்டர் இல்லை. டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்ததில் கண்கூச்சம் குறைந்தது. ஆனால் ஏணி தெரியவில்லை. மற்றபடி டார்ச் நன்றாகவே இருக்கிறது. சுவரில் அடித்தால் நடுவில் சற்று மங்கலான வட்டம் விழுகிறது. அது எல்லா டார்ச்சிலும் இருப்பதுதான் என்பதால் முதலில் எழுதவில்லை.

பழையபேட்டரி, காலை 7.18
9,900! நான் சொன்னேன் அல்லவா? 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உடம்புக்குள் நல்ல நிறுவனங்களே வழக்கமாக 3,500 எம்.ஏ.எச். வாக்கில்தான் அடைக்கின்றன. 9,900 என்று எழுதுகிறவர் உள்ளே என்ன வைத்திருப்பார் என்பதை நினைத்துப் பாருங்கள். தராசு இருந்தால் எடை போடுங்கள். உண்மையான 18650 ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். 30 கிராம்தான் என்றால் அதை நம்பாதீர்கள். பச்சை விளக்கு எரிந்தது என்பதற்குப் பேட்டரி நிறைந்தது என்று மட்டுமே பொருள். சின்னக் குவளையும் நிறையத்தான் செய்யும். இப்படிப்பட்ட பேட்டரிகளில் உள்மின்தடை அதிகம் என்பதால், அதிகபட்ச மோடில் மின்னழுத்தம் சரிந்து வெளிச்சம் உடனே இறங்கிவிடும்.

குவியம், காலை 8.10
பேட்டரியை மாற்றுவதற்குப் பதில் டார்ச்சையே மாற்றிவிட்டு, தலையை முன்னே இழுத்தால் ஒளி குவியும் லென்ஸ் வகை ஒன்றை வாங்குங்கள். ரிஃப்ளெக்டர் வகையில், அதாவது எல்.இ.டி.யைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணம் ஒளியை முன்னே திருப்பும் வகையில், நடுக்கற்றையைச் சுற்றிலும் ஒளி சிதறி, அருகிலுள்ள புல்லும் செடியும் பளிச்சென்று தெரிவதால் தொலைவில் உள்ளது மறைந்துபோகும். லென்ஸில் அந்தத் தொல்லையே இல்லை.

லக்ஸ்கணக்கன், காலை 8.26
லென்ஸ் வகையை ஆதரித்து எழுதுவதற்கு முன், தலையை இழுத்த நிலையில் எவ்வளவு ஒளி வீணாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்.இ.டி. பக்கவாட்டில் வீசுவதெல்லாம் உட்சுவரில் முட்டி வெப்பமாகிப் போகிறது. தொலைவில் விழுவது எல்.இ.டி.யின் சதுர உருவம். அதைச் சுற்றி ஒன்றுமே தெரியாது, காலடிப் பள்ளமும் தெரியாது. தலை முன்னும் பின்னும் நகரும்போது காற்றை உறிஞ்சித் தள்ளுவதால் தூசியும் ஈரமும் உள்ளே புகும்.

குவியம், காலை 8.41
ஒளி வீணாவது உண்மைதான். ஆனால் லுமென் தூரத்தைத் தீர்மானிப்பதில்லை என்று நேற்றிரவு எழுதியவரே, இன்று காலை லுமென் வீணாவதைக் காட்டி லென்ஸைத் தள்ளுபடி செய்கிறார். ஒரே எல்.இ.டி.யும் ஒரே விட்டமும் இருந்தால் லென்ஸும் ரிஃப்ளெக்டரும் தரும் நடுச்செறிவு பெரிதாக வேறுபடாது என்பதை நீங்களும் அறிவீர்கள். நான் 300 மீட்டருக்கு அப்பால் உள்ள வேலியைப் பார்க்க வேண்டுமென்றால், காலடிப் பள்ளத்துக்கு வேறு விளக்கு வைத்துக்கொள்வேன்.

லக்ஸ்கணக்கன், காலை 8.55
இரண்டு விளக்குகளைச் சுமந்துகொண்டு சட்டைப் பையில் அடங்கும் டார்ச்சைப் பற்றி அறிவுரை சொல்வது வேடிக்கையாக இருக்கிறது. நான் தள்ளுபடி செய்தது தண்ணீரும் தூசியும் புகும் கட்டமைப்பை. அதற்குப் பதில் இல்லை என்பதைக் கவனிக்கிறேன்.

திருகாணி, காலை 9.20
லென்ஸ் வழக்கைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, கேட்டவர் கடைசியாக எழுதிய வரியைப் படியுங்கள். நடுவில் மங்கலான வட்டம் என்கிறார். அது எல்லா டார்ச்சிலும் இருப்பது அன்று.

இரவுநடை அவர்களே, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நின்று பார்த்தீர்கள்? தூரத்துக்கென்றே செய்த ரிஃப்ளெக்டர் டார்ச்சை அரை மீட்டரில் சுவரில் அடித்தால், ஒளி இன்னும் ஒன்றுசேராததால் நடுவில் இருள் விழுவது இயல்பு. ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்ற பிறகும் அந்த வட்டம் இருக்கிறதென்றால், எல்.இ.டி. ரிஃப்ளெக்டரின் குவியத்தில், அதாவது ஒளி நேர்க்கற்றையாகச் சேர அது இருக்க வேண்டிய புள்ளியில், உட்காரவில்லை என்று பொருள். அப்படியானால் அதற்குள் எந்தப் பேட்டரியைப் போட்டாலும் ஒளி நடுவில் சேராமல் வளையமாகத்தான் போகும்.

இன்னொரு சோதனையும் உண்டு. டார்ச்சை அணைத்துவிட்டுக் காதருகே வைத்து மெல்ல ஆட்டுங்கள். தலைக்குள் ஏதேனும் 'டக் டக்' என்று அசைகிறதா?

இரவுநடை, பிற்பகல் 1.12
நடைக்கூடத்தின் ஒரு கோடியில் நின்று மறுகோடிச் சுவரில் அடித்தேன். ஆறு மீட்டருக்குக் குறையாது. வட்டம் இருக்கிறது. ஆட்டினால் மிக மெல்லிய சத்தம் கேட்கிறது. நான் அதைப் பேட்டரி அசையும் சத்தம் என்று நினைத்தேன்.

திருகாணி, பிற்பகல் 1.30
பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு ஆட்டிப் பாருங்கள். சத்தம் நிற்கவில்லை என்றால், அது ரிஃப்ளெக்டர். இவ்வகை டார்ச்சுகளில் கண்ணாடிக்கு மேலே இருக்கும் உலோக வளையம்தான் கண்ணாடியை அழுத்தி, கண்ணாடி ரிஃப்ளெக்டரை அழுத்தி, ரிஃப்ளெக்டர் எல்.இ.டி.யைச் சுற்றியுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் வளையத்தின் மேல் உட்காருகிறது. மேலே உள்ள உலோக வளையத்தைத் தொழிற்சாலையில் முழுமையாக இறுக்காமல் விட்டால், ரிஃப்ளெக்டர் முன்னே நழுவி, எல்.இ.டி. குவியத்துக்குப் பின்னால் தங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம், அதற்கும் குறைவான இடைவெளியே நடுக்கற்றையைக் கெடுத்துவிடும்.

பேட்டரி வெளியே இருக்கும்போதே, ரப்பர் கையுறையால் அந்த வளையத்தைப் பிடித்து வலப்பக்கமாகத் திருகுங்கள். இடுக்கி வைக்காதீர்கள், கீறல் விழுந்தால் திருப்பி அனுப்ப முடியாது. வளையம் அசையவே இல்லை என்றால், அதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அப்போது மல்லுக்கட்டாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். எக்காரணம் கொண்டும் கண்ணாடியைக் கழற்றி ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்க வேண்டாம். அந்தப் பளபளப்பு மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. ஒருமுறை துடைத்தாலே கோடு கோடாகிவிடும். நான் என் முதல் டார்ச்சை அப்படித்தான் கெடுத்தேன், அதுவும் புத்தம் புதிய மென்துணியால்.

மின்மினி, பிற்பகல் 1.48
திருகுவதற்கு முன்னும் பின்னும் அளந்துவிடுங்கள். கைப்பேசியில் லக்ஸ் காட்டும் செயலி ஒன்றை நிறுவி, இருட்டறையில் சரியாக ஐந்து மீட்டரில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, ஒளிக்கற்றையை அதன் மேல் மெதுவாக நகர்த்தி, காட்டும் உச்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் டார்ச்சை எரியவிட்டு அரை நிமிடம் கழித்து அளக்க வேண்டும். சிறிய டார்ச்சுகள் விரைவில் சூடேறி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், முதல் நொடி எண்ணையும் மூன்றாம் நிமிட எண்ணையும் ஒப்பிட்டால் கணக்கு பிசகிவிடும்.

லக்ஸ்கணக்கன், பிற்பகல் 2.05
கைப்பேசியின் உணரி திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கச் செய்யப்பட்டது. அளவீட்டுக் கருவி அன்று. அந்த எண்ணை வைத்து இவர் நாளைக்குக் கேண்டெலா கணக்குப் போடுவார்; அதற்கும் நான்தான் வந்து விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

மின்மினி, பிற்பகல் 2.11
எண் தவறாக இருக்கலாம், ஐயா. அதே கைப்பேசி, அதே தூரம் என்றால் விகிதம் பெரும்பாலும் சரியாக இருக்கும். இங்கே நமக்கு வேண்டியது அந்த விகிதம்தான்.

இரவுநடை, இரவு 9.50
பேட்டரியை எடுத்த பிறகும் சத்தம் கேட்டது. வளையம் முக்கால் சுற்று இறங்கியது. இப்போது ஆட்டினால் சத்தம் இல்லை. ஐந்து மீட்டரில் முன்பு 610 லக்ஸ், இப்போது 1,480. நடுவிலிருந்த மங்கல் வட்டம் போய், சிறிய பொட்டுபோல் ஒளி விழுகிறது. தொட்டியின் ஏணி தெரிகிறது, படிகள் தனித்தனியாகத் தெரியவில்லை. டார்ச்சை வைத்துக்கொள்கிறேன். திருகாணி அவர்களுக்கு மிக்க நன்றி.

மின்மினி, இரவு 10.08
கைப்பேசி எண்ணை அப்படியே நம்பினால், லக்ஸைத் தூரத்தின், அதாவது ஐந்தின், வர்க்கமான 25-ஆல் பெருக்கி, முன்பு 15,250 கேண்டெலா, இப்போது 37,000. தூரக் கணக்கில் முன்பு சுமார் 247 மீட்டர், இப்போது சுமார் 385. தொட்டி 250 மீட்டரில் இருக்கிறது. ஆகவே முதல் நாள் அதன் மேல் விழுந்தது நிலா வெளிச்ச அளவுதான். நீங்கள் எழுதிய 'ஏதோ வெளிறித் தெரிந்தது' என்பதோடு இது பொருந்திப்போவது எனக்கே வியப்பாக இருக்கிறது.

லக்ஸ்கணக்கன், இரவு 10.15
பெருக்கிவிட்டீர்கள். விகிதம் போதும் என்று சொன்னவரும் நீங்கள்தான். செறிவு 2.4 மடங்கு கூடியிருக்கிறது, தூரம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அதற்கு மேல் இந்த எண்களிலிருந்து எதையும் எடுக்க முடியாது. உங்கள் கணக்கே சரியென்று வைத்தாலும், 600 மீட்டருக்கு வேண்டிய 90,000-இல் அது பாதியைக்கூட எட்டவில்லை. 28 மில்லிமீட்டர் தலையில் 600 மீட்டர் முடியவே முடியாதது அன்று; அதற்கு ஒரு சதுர மில்லிமீட்டர் அளவேயான, பரப்பில் மிகப் பிரகாசமான எல்.இ.டி. வேண்டும். அத்தகைய எல்.இ.டி.யிலிருந்து 1,200 லுமென் வெளியே வராது. பெட்டியில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டபோதே அவற்றில் ஒன்றாவது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும்.

குவியம், இரவு 10.22
லென்ஸ் வகையில் குவியத்தைக் கையாலேயே சரிசெய்துகொள்ளலாம் என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டுப் போகிறேன்.

பழையபேட்டரி, இரவு 10.37
குவியம் சரியாகிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் பேட்டரியை எடை போட்டீர்களா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. தெரிந்த நிறுவனத்தின் பேட்டரி ஒன்றைப் போட்டு அதே ஐந்து மீட்டரில் மறுபடி அளந்தால் எண் இன்னும் கூடக்கூடும். வாங்கும்போது, நுனி மேடாக இருப்பதா தட்டையாக இருப்பதா என்று இப்போதுள்ளதைப் பார்த்து அதே வகையை எடுங்கள். சில டார்ச்சுகளில் தட்டை நுனி தொடர்பு கொள்ளாது. அதுவரை அந்த 9,900-ஐப் படுக்கையறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

பழையபேட்டரி, மூன்று நாள் கழித்து, காலை 6.50
எடை எவ்வளவு வந்தது?