பில்டர் காபி மூணு வாரமா கசக்குது. பொடியா, என் கையா?

மாடிவீடு:
தங்கச்சி பிரசவத்துக்காக அம்மா மன்னார்குடி போயிருக்காங்க. அதுலேர்ந்து காபி என் பொறுப்பு. அதே எவர்சில்வர் பில்டர், அதே ஆவின் பச்சை பாக்கெட். பொடி மட்டும் பக்கத்துத் தெருவுல வாங்கினது, காபி 60 சிக்கரி 40, நைஸா அரைச்சுக் குடுத்தாங்க.

குடிச்சு அரை மணி ஆனாலும் அடிநாக்குல வேப்பங்கொழுந்து மென்ன மாதிரி நிக்குது. எனக்குச் சர்க்கரை ரெண்டு ஸ்பூனா ஏறிடுச்சு. அப்பா ஒண்ணும் சொல்றதில்ல, பாதி டம்ளரைத் தொட்டியில கொட்டிட்டுப் போயிடறார். திட்டினாக்கூடப் பரவாயில்ல.

நான் செய்யறது: நாலு ஸ்பூன் பொடி, குடையால (பொடி மேல வைக்கிற, பிடி வச்ச ஓட்டைத் தட்டு) நல்லா அமுக்கி, தளதளன்னு கொதிக்கிற தண்ணியை ராத்திரி பத்து மணிக்கே ஊத்தி வச்சிடுவேன். காலைல பாதித் தண்ணி மேலேயே நிக்கும். தட்டித் தட்டி இறக்கணும்.

ரெண்டாம் டிகாஷன்:
தம்பி, அந்த மேலேயே நிக்கிற தண்ணிதான் ஆளு. காபியில புளிப்பும் வாசனையும் முதல்ல இறங்கும், கசப்பு கடைசியில. ராத்திரி பூரா ஊறினா அந்தக் கடைசியும் சேர்ந்து இறங்காம என்ன செய்யும்? ராத்திரியே போட்டு வைக்கிறது தப்பில்ல, எங்க வீட்டுலயும் அப்படித்தான். ஆனா படுக்கப் போறதுக்குள்ள இறங்கி முடிஞ்சிடணும்.

நைஸ் பொடி பில்டருக்கு ஆகாது. விரல்ல தேய்ச்சா நறநறன்னு இருக்கணும். அதுக்கு மேல 40 சிக்கரி. அது தண்ணியைக் குடிச்சு ஊதி வழியை அடைக்கும், வறுத்த வேர்ங்கறதால தன் பங்குக்குக் கசக்கவும் செய்யும். 80:20 கேளுங்க. குடையைச் சும்மா மேல வச்சாப் போதும், அமுக்காதீங்க. தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சு ஒரு நிமிஷம் விட்டு ஊத்துங்க.

அப்புறம், பொடி போடாம வெறும் தண்ணி ஊத்திப் பாருங்க. எல்லா ஓட்டையிலயும் இறங்குதா?

சேர்வராயன்:
சிக்கரி மேலயே பழி போட வேணாம். காபிக் கொட்டையில அராபிகா, ரொபஸ்டான்னு ரெண்டு வகை. உங்க பொடியில ரொபஸ்டா எவ்வளவுன்னு கடைக்காரர்கிட்ட கேட்டீங்களா? அராபிகாவைவிடக் காஃபின் ஏறக்குறைய ரெண்டு மடங்கு, கசப்பும் தூக்கல். கடைப் பலகையில 'பீபரி'ன்னு பார்த்து மயங்காதீங்க. பழத்துக்குள்ள ஒத்தைக் கொட்டையா வந்தா அது பீபரி, ரொபஸ்டாவிலயும் உண்டு. 'பிளாண்டேஷன் ஏ'ன்னா கழுவிப் பதப்படுத்தின அராபிகா. வறுத்த கொட்டை கருகருன்னு எண்ணெய் மினுங்கினா அதை விட்டுடுங்க.

கும்பா:
காபின்னா கசக்கத்தான் செய்யும். கசக்காதது வேணும்னா பாதாம் பால் இருக்கு.

மாடிவீடு:
கும்பா சார், அப்பாகிட்ட சொல்லிடறேன் :)

வெறும் தண்ணி ஊத்திப் பார்த்தேன். பாதி ஓட்டைதான் வேலை செய்யுது! மேல் பாத்திரத்தோட அடியை கேஸ் நெருப்புல காட்டினேன், சடசடன்னு பொரிஞ்சு புகை வந்துது. ஆறினதும் பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். பொடியும் மாத்தியாச்சு: பிளாண்டேஷன், 80:20, கொஞ்சம் கொரகொரப்பா. இன்னிக்கு அரை மணியில இறங்கிடுச்சு. ஆறு மணிக் காபி பிரமாதம்.

ஆனா எட்டரைக்கு அப்பாவோட ரெண்டாவது டம்ளர்ல அதே கசப்பு. அதே டிகாஷன்தான்!

ரெண்டாம் டிகாஷன்:
ஆறிப்போச்சுன்னு டிகாஷனை அடுப்புல வச்சீங்களா?

மாடிவீடு:
ஆமா. லேசா ஒரு கொதி.

ரெண்டாம் டிகாஷன்:
அந்த ஒரு கொதிதான். டிகாஷன் கிண்ணத்தை வெந்நீருக்குள்ள உட்கார வைங்க, இல்ல ஆறினதாவே இருக்கட்டும். கொதிக்க வேண்டியது பால். பொங்கி வர்ற பாலை ஊத்தினா அந்தச் சூடே போதும்.

மாடிவீடு:
மூணு நாளாச்சு, கசப்பு இல்ல. எனக்குச் சர்க்கரை ஒரு ஸ்பூனுக்கு இறங்கிடுச்சு. அப்பா காலி டம்ளரை வச்சுட்டு "பேப்பர் வந்துதா?"ன்னார். எங்க வீட்டுல அது பாராட்டு.

ஓட்டை அடைச்ச கதையை அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "மாசாமாசம் நெருப்புல காட்டுவேனேடா, நீ பார்த்ததே இல்லையா?"ன்னாங்க.